கோணல் நட்சத்திரம்

(வானொலியில் ஒலிபரப்பான திருவருகைக் காலச் சிந்தனை)



சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, மறைக்கல்வி வகுப்புச் சிறார்கள் செய்த நட்சத்திரங்களை ஆலய முகப்பில் கட்டித் தொங்கவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். சனிக்கிழமை மாலையில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினோம். 30 நட்சத்திரங்களாவது இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஐந்து முனைகளில் ஒன்று குட்டை, இன்னொன்று வளைந்து கிடந்தது. பசை வழிந்து காய்ந்திருந்தது. மஞ்சள் தாள் முழுக்கக் கைவிரல் கறை. செய்தவள் 6 வயதுச் சிறுமி. "மற்றப் பிள்ளைகளோடது நடுவுல இது தொங்கினா, பாவம், புள்ள வருத்தப்படும்" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டு அதைப் பிரித்தோம். குச்சிகளை ஒரே அளவாக வெட்டி, நூலை இறுக்கிக் கட்டி, புதுத் தாள் ஒட்டினோம். நல்லது செய்துவிட்ட நிறைவோடு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து, தங்கள் நட்சத்திரத்தை அப்பா அம்மாவுக்குக் காட்டினார்கள். அந்தச் சிறுமியும் தன் பாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டே நடந்தாள். திரும்பவும் நடந்தாள். பிறகு எங்களிடம் வந்து, "என் ஸ்டார் எங்க டீச்சர்?" என்று கேட்டாள். "அதோ தொங்குது பாரு" என்று காட்டினோம். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அது என்னது இல்ல" என்றாள்.

அடுத்த ஆண்டு குச்சியும் நூலும் கொடுத்தபோது அவள் கை நீட்டவில்லை. "நீங்களே செஞ்சிருங்க டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் எங்களை இன்றும் உறுத்துகிறது.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகச் சிறு பிள்ளைகளோடு சேர்ந்து கையால் பொருள்கள் செய்வதைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறோம். இதில் சிந்தனைக்கு என்ன இருக்கிறது, ஞாயிறு பள்ளி ஆசிரியர் பார்த்துக்கொள்ளும் வேலைதானே என்று சிலருக்குத் தோன்றலாம். குடில் என்ற பழக்கம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

1223-ஆம் ஆண்டு. அசிசியின் புனித பிரான்சிஸ் உரோமையிலிருந்து திரும்பும் வழியில் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் தங்கியிருக்கிறார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரு வாரங்களுக்கு முன், அவ்வூரில் யோவான் என்ற நண்பரை அழைத்து, பெத்லகேமில் குழந்தை இயேசு எவ்வளவு வறுமையில் கிடந்தார் என்பதைக் கண்ணால் காண விரும்புவதாகச் சொல்கிறார். அந்த நண்பர் ஏற்பாடு செய்தவை என்ன? ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், உயிருள்ள ஒரு காளை, ஒரு கழுதை. அவ்வளவுதான். சுரூபம் ஒன்றுகூட இல்லை. விளக்குத் தோரணமும் இல்லை. தீவட்டியும் மெழுகுதிரியும் ஏந்திக்கொண்டு சுற்றுப்புறத்து மக்கள் வந்தார்கள். அந்தத் தொட்டியின் மேலேயே திருப்பலி நடந்தது. நம்முடைய எல்லாக் குடில்களுக்கும் தாய்க்குடில் அதுதான். மாட்டுக் கொட்டகையில் கிடைத்ததைக் கொண்டு, ஊர்க்காரர்கள் கையால் செய்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அதே கிரேச்சோவுக்குப் போய், குடிலைப் பற்றி ஒரு திருத்தூது மடலில் கையெழுத்திட்டார். 'அட்மிராபிலே சிக்னும்' என்பது அதன் இலத்தீன் பெயர், வியப்புக்குரிய அடையாளம் என்று பொருள். நற்செய்தியில் இல்லாத ஆட்களையெல்லாம் சிறியவர்களும் பெரியவர்களும் ஆசையாகக் குடிலில் சேர்க்கிறார்களே, கொல்லர், ரொட்டி சுடுபவர், தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண், விளையாடும் சிறுவர், இவர்களுக்கும் அங்கே இடம் உண்டு என்று அம்மடலில் அவர் எழுதுகிறார். பிள்ளை குடிலுக்குள் ஓர் ஆட்டோவைக் கொண்டுவந்து வைத்தால், "அப்போ ஆட்டோ ஏது?" என்று அதை எடுத்து வெளியே போடுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம்.

பிரான்சு நாட்டின் தெற்கே புரோவான்ஸ் என்ற பகுதி இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அங்கே ஆலயங்கள் மூடப்பட்டு, பொது இடத்தில் குடில் வைக்க முடியாமல் போனது. அதனால் மக்கள் வீட்டுக்குள்ளேயே சிறிய மண் பொம்மைகளை வைத்தார்கள். அவற்றுக்கு 'சாந்தோன்' என்று பெயர், குட்டிப் புனிதர் என்று பொருள். காலப்போக்கில் அந்தக் குட்டிப் புனிதர்களில் மீன் விற்கும் பெண்ணும், மாவரைப்பவரும், கத்திக்குச் சாணை பிடிப்பவரும் சேர்ந்துகொண்டார்கள். பெத்லகேம் ஊரே புரோவான்ஸ் கிராமமாக மாறிவிட்டது. நம் வீட்டுக் குடிலில் கூடை சுமக்கும் மீன்கார அக்காவும், பால்காரரும், எதிர்வீட்டுத் தாத்தாவும் இருந்தால் அதில் தவறு ஒன்றுமில்லை.

இனி, செய்முறைக்கு வருவோம். முதலில் ஓர் எச்சரிக்கை. டிசம்பரில்தான் நம் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. விழாவுக்கு இரண்டு நாள் முன்வரை பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள். 24-ஆம் தேதி காலையில் எல்லாவற்றையும் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அதிரசம் சுடுவதும் துணி தேய்ப்பதுமான அவசரத்தில் யார் தலையிலாவது பொறுமையின்மை விழும். பெரும்பாலும் பிள்ளையின் தலையில்தான் விழும். திருவருகைக் காலம் நான்கு வாரம் ஓடுகிறது. வாரத்துக்கு இரண்டு மாலை, 20 நிமிடம் போதும். 4 வயதுப் பிள்ளை அதற்கு மேல் ஒரே இடத்தில் உட்காராது, உட்காரவும் வேண்டாம்.

பசையிலிருந்து தொடங்கலாம். இரண்டு கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால், நிறம் மாறிப் பளபளவென்று வரும்போது பசை தயார். அடுப்பு வேலை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உரியது. ஆறிய பிறகு பிள்ளையின் கையில் கொடுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பெரியவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது உண்டு. அது நஞ்சு, பிள்ளை கை வைக்கிற பசையில் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் பசை இரண்டு நாளில் கெட்டுவிடும். கெட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம், மைதாவுக்கு என்ன பெரிய விலை!

நட்சத்திரத்துக்குத் தென்னை ஈர்க்குச்சி நன்றாக வரும். ஓலை கிடைத்தால் கிழித்து எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் புதுத் துடைப்பம் ஒன்று வாங்கிப் பிரிக்கலாம். ஐந்து குச்சிகள். அளவுக்கு ஸ்கேல் தேட வேண்டாம், அந்தப் பிள்ளையின் கையாலேயே இரண்டு சாண். பென்சிலை எடுக்காமல் நட்சத்திரம் வரைவோமே, அதே போல ஐந்தையும் தரையில் அடுக்கி, உள்ளே ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாகப் பின்னி, ஐந்து முனைகளிலும் நூலால் கட்டவேண்டும். முடிச்சுப் போடுவது 7, 8 வயதுப் பிள்ளைக்கு முடியும். 5 வயதுக்கு, நாம் குச்சியைப் பிடித்துக்கொள்ள, அது நூலைச் சுற்றும். 3 வயதுக் குழந்தையின் வேலை தாளைக் கிழிப்பது. சிரிக்கவேண்டாம், கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியாத கைக்குக் கிழிக்கத் தெரியும். பட்டம் விடும் மெல்லிய வண்ணத் தாளைச் சிறு சிறு துண்டாகக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால், விளக்குக்கு முன்னால் பிடிக்கும்போது வெட்டி ஒட்டிய தாளைவிட அது அழகாகத் தெரியும். குச்சியின் கூர்முனைகளைத் தாளால் சுற்றிவிடுங்கள். ஓடும் பிள்ளையின் கண்ணில் குத்திவிடக்கூடாது.

வீட்டு வாசலில் தொங்கும் பெரிய மூங்கில் நட்சத்திரம் இதே கணக்குதான். இரண்டு நட்சத்திரங்களைக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, நடுவில் குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் சிறு துண்டுக் குச்சியை முட்டுக்கொடுத்தால், வயிறு புடைத்துக்கொண்டு நிற்கும். மூங்கில் பிளப்பதும், உள்ளே பல்பு மாட்டுவதும் பெரியவர்கள் வேலை. எல்.இ.டி. பல்பு போடுங்கள், தாள் சூடாகாது. சீரியல் செட்டைப் பிள்ளைகள் தொட விடவேண்டாம்.

தாளுக்காகக் கடைக்கு அலையத் தேவையில்லை. முடிந்துபோகும் ஆண்டின் காலண்டர் அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகை, இவையெல்லாம் கெட்டியான, நல்ல தாள்கள். பத்திரிகையை அரைவட்டமாக வெட்டிக் கூம்பாகச் சுருட்டினால் வானதூதருக்கு அங்கி ஆயிற்று. பிற சமய நண்பர்கள் கொடுத்த அழைப்பிதழில் அவர்கள் வணங்கும் தெய்வப் படங்கள் இருந்தால் அந்த அட்டையை வெட்டவேண்டாம். பிள்ளை "ஏன்?" என்று கேட்கும். காரணத்தைச் சொல்லுங்கள், அதுவும் மறைக்கல்விதான்.

ஜிகினாத் தூளை நாங்கள் விட்டுவிட்டோம். பிள்ளை அந்தக் கையோடு கண்ணைக் கசக்கும். தெர்மாகோலும் அப்படித்தான், அறுக்க அறுக்க வீடெல்லாம் பறக்கும், மட்கவும் மட்காது.

இப்போது குடிலுக்குள் போவோம். பிள்ளைகளோடு செய்வதற்கு எங்களுக்கு மிகப் பிடித்தது களிமண். குளத்து மண்ணோ, குயவர் வீட்டில் வாங்கியதோ, எதுவானாலும் கல் பொறுக்கி, கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் காயும்போது அதிகம் வெடிக்காது. வெயிலில் வைக்காமல் நிழலில் நான்கைந்து நாள் காயவிடவேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஒரு வாரம்கூட ஆகும். பெயிண்ட் அடிக்க வேண்டியதில்லை. மண் நிறமே போதும் என்பது எங்கள் எண்ணம். பிள்ளைக்கு வண்ணம் வேண்டுமென்றால் மஞ்சள் தூளையும் சுண்ணாம்பு கலக்காத காவியையும் தண்ணீரில் குழைத்துக் கொடுக்கலாம்.

களிமண்ணில் எந்தச் சுரூபத்தை முதலில் செய்வது? சிறு பிள்ளைக்கு மிக எளிதானது குழந்தை இயேசுதான். காரணத்தை லூக்கா நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். மரியா குழந்தையைத் துணியில் பொதிந்து தொட்டியில் கிடத்துகிறார். பொதிந்த குழந்தைக்குக் கை கால் தெரியாது. கட்டைவிரல் அளவுக்கு ஓர் உருண்டையை உருட்டி நீட்டி, மேலே கோலிக்குண்டு அளவில் ஒரு தலை. முடிந்தது. கண், மூக்கு எதுவும் வேண்டியதில்லை. 3 வயதுக் குழந்தையாலும் முடியும். பிறகு அதைச் சுற்ற ஒரு துணி வேண்டும். நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் கிடத்துவதில்லை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியிலோ சேலையிலோதான் சுற்றுவோம். "பாட்டியோட பழைய சேலைல ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டு வா" என்று அனுப்புங்கள். பாட்டி துணியைக் கிழித்துக் கொடுக்கும்போது, "உன்னையும் இதே சேலைலதான் சுத்தி வச்சிருந்தோம்" என்று சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு மனுவுருவாதல் என்ற மறையுண்மையை இதைவிட நன்றாக விளக்க எங்களால் முடிந்ததில்லை.

தொட்டிக்குக் கொட்டாங்குச்சி. பாதித் தேங்காய்ச் சிரட்டை உருளும், அதனால் கீழே வைக்கோலைத் திரித்துச் சிறு பிரிமணை செய்து அதன்மேல் உட்கார வைக்கலாம். இங்கேதான் பிள்ளைகளின் கேள்விகள் தொடங்கும். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். பாடம் நடத்தும்போது வராத கேள்விகள் அப்போது வரும். தீவனத் தொட்டி என்றால் நகரத்துப் பிள்ளைக்குத் தெரியாது. "மாட்டுக்குக் கழனித்தண்ணி வைப்பாங்கல்ல, அந்த மாதிரித் தொட்டி" என்று ஒருமுறை சொன்னோம். ஒரு பையன் நிமிர்ந்து, "அப்ப நாத்தம் அடிச்சிருக்குமே?" என்றான். அடித்திருக்கும் என்றுதான் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தான். "மாதா ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு ஆசிரியர் கையேட்டில் பதில் இல்லை. நாங்களும் அவனோடு சேர்ந்து கொஞ்ச நேரம் யோசித்தோம். அன்றைக்கு அந்தக் குழுவில் ஒரு பெண்பிள்ளை தன் தொட்டியைக் கழுவித் துடைத்து, அம்மாவின் பவுடரைக் கொஞ்சம் போட்டுக் கொண்டுவந்தது.

மாடும் கழுதையும் செய்யும்போது கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கலாம், பைபிளில் மாடு எங்கே வருகிறது என்று. லூக்காவும் மத்தேயுவும் இயேசுவின் பிறப்பைச் சொல்லும் இடத்தில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. எசாயா நூலின் முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்தில் வருகின்றன. மாட்டுக்குத் தன் உடைமையாளரையும் கழுதைக்குத் தன் தலைவரின் தீவனத் தொட்டியையும் தெரியும், மக்களுக்குத்தான் தெரியவில்லை என்று கடவுள் வருந்தும் இடம் அது. அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் திருஅவை இந்த இரண்டு பிராணிகளையும் குடிலுக்குள் அழைத்து வந்தது. ஆடுகள் இடையர்களோடு வந்தவை. களிமண் உருண்டையில் பஞ்சை ஒட்டி, கண்ணுக்கு இரண்டு கிராம்பு குத்தினால் ஆடு. கிராம்பு, மணி, பாசி போன்றவற்றை 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

ஞானிகள் மூவரையும் முதல் நாளே குடிலுக்குள் வைத்துவிடாதீர்கள். வீட்டின் மறுகோடியில், அடுக்களை அலமாரியிலோ டிவி மேலோ வைத்து, நாளுக்கு ஓரடி நகர்த்தி, திருக்காட்சிப் பெருவிழாவன்று கொண்டுவந்து சேர்க்கும் விளையாட்டு பல நாடுகளில் உண்டு. பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள். நாம்தான் மறந்துவிடுவோம்.

குடிலுக்கான புல்லைக் கடையில் பச்சைத் தாளாக வாங்காமல் விதைத்து வளர்க்கலாம். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈர மண் பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவி, ஒரு நாள் ஈரத் துணியால் மூடி வைக்கவேண்டும். பிறகு தண்ணீரைத் தெளிக்கவேண்டுமே தவிர ஊற்றக்கூடாது, விதை ஓரமாக ஒதுங்கிவிடும். டிசம்பர் 14, 15 வாக்கில் தூவினால் விழாவுக்குப் பசேலென்று நிற்கும். வெந்தயமும் நன்றாக வரும். நாம் சற்றுமுன் சொன்ன புரோவான்ஸ் பகுதியிலும் இப்படி உண்டு. புனித பார்பராவின் நாளான டிசம்பர் 4 அன்று சிறு தட்டுகளில் கோதுமை விதைப்பார்கள். அங்கே குளிர் என்பதால் மூன்று வாரம் எடுக்கிறது. "கிறிஸ்மஸ் இன்னும் எத்தனை நாள்?" என்று தினமும் நச்சரிக்கும் பிள்ளையை அந்தத் தட்டின் முன் கொண்டுபோய் நிறுத்துங்கள். 19-ஆம் நூற்றாண்டில் செருமனியின் ஹம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களை வளர்த்த யோகான் ஹின்ரிச் விகெர்ன் என்ற லூத்தரன் போதகரிடமும் அவருடைய பிள்ளைகள் இதே கேள்வியைத்தான் கேட்டு நச்சரித்தார்களாம். 1839-இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் நாளுக்கு ஒரு சிறிய மெழுகுதிரியும், ஞாயிறுக்கு ஒரு பெரிய மெழுகுதிரியும் வைத்து ஏற்றிக் காட்டினார். இன்று நம் ஆலயங்களில் வைக்கும் திருவருகைக் கால மெழுகுதிரி வளையம் அந்தச் சக்கரத்திலிருந்து வந்ததுதான்.

குழந்தை சுரூபத்தை அதுவரை வைக்கவேண்டாம். 24-ஆம் தேதி இரவுவரை கொட்டாங்குச்சி காலியாகவே இருக்கட்டும். சில இடங்களில், நல்ல செயல் ஒன்று செய்தால் தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் எங்கள் அனுபவத்தில் அது சீக்கிரமே மதிப்பெண் பட்டியல் ஆகிவிட்டது. "இவ செய்யாமலே போட்டா டீச்சர்" என்று புகார். தன் தொட்டியில் வைக்கோல் குறைவு, இயேசுவுக்கு முதுகு வலிக்கும் என்று ஒரு பிள்ளை அழுதது. இப்போது நாங்கள் எண்ணுவதில்லை. வைக்கோலைப் பொதுவாக ஒரு கூடையில் வைத்துவிடுகிறோம், போடுகிறவர்கள் போடட்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த ஆண்டில் சாவு நிகழ்ந்த வீட்டில் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை என்பது நம் ஊர்களில் வழக்கம். பெரியவர்களுக்கு அது புரியும். அந்த வீட்டில் 5 வயதுப் பிள்ளை இருந்தால்? தெருவெல்லாம் விளக்கு எரிய, தன் வீடு மட்டும் ஏன் இருட்டு என்று அதற்குப் புரியாது, கேட்கவும் பயப்படும். அந்தப் பிள்ளையை நம் வீட்டுக்குக் கூப்பிட்டு, நம் பிள்ளையோடு உட்கார வைத்து ஏதாவது செய்யச் சொல்லலாம். செய்ததை ஆலயக் குடிலில் வைக்கலாம். ஒரு சிறுவன் இறந்துபோன தன் தாத்தாவைக் களிமண்ணில் செய்து இடையர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். அவர் பீடி குடிப்பார் என்று வாயில் ஒரு ஈர்க்குத் துண்டையும் செருகியிருந்தான். குடிலில் பீடியா என்று ஒருவர் முகம் சுளித்தார். நாங்கள் எடுக்கவில்லை.

பங்குகளில் நடக்கும் குடில் போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை, அதில் இளைஞர்களின் உழைப்பும் கற்பனையும் இருக்கிறது. ஆனால் மோட்டார் வைத்து அருவி ஓடும் குடிலையும், செருப்புப் பெட்டியில் 6 வயதுப் பிள்ளை செய்ததையும் ஒரே வரிசையில் வைத்து மதிப்பெண் போடுவது நியாயமில்லை. சிறார் வரிசை தனியாக இருக்கட்டும், அதற்கு முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் குனிந்து பார்த்து, "இது யாரு? இவரு ஏன் இங்க நிக்கிறாரு?" என்று கேட்டால் போதும். செய்த பிள்ளை கதை முழுவதையும் சொல்லும். பெற்றோரிடமும் இதையே கேட்டுக்கொள்கிறோம். நம் கை எப்போது உள்ளே போகலாம்? கத்தி, அடுப்பு, மின்சாரம், இந்த மூன்றும் வருமிடத்தில். பிள்ளையே "பிடிச்சுக்கோங்க" என்று கேட்குமிடத்தில். மற்ற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது கடினம்தான். கோணலாக ஒட்டும்போது நமக்குக் கை துருதுருவென்று வரும். நாங்கள் இப்போதெல்லாம் கையில் ஒரு துண்டுக் களிமண்ணை எடுத்துக்கொண்டு எங்கள் பங்குக்கு ஓர் ஆட்டைச் செய்யத் தொடங்கிவிடுகிறோம். எங்கள் ஆடும் கோணலாகத்தான் வருகிறது, பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"நேரமில்லை ஃபாதர், கடையில ரெடிமேடா கிடைக்குதே" என்று சொல்லும் பெற்றோரை நாங்கள் குறை சொல்லவில்லை. விடியற்காலை கடலுக்குப் போய்வரும் அப்பாவும், கம்பெனி வேனில் இரவு எட்டு மணிக்கு வந்திறங்கும் அம்மாவும் சொல்வது பொய்யல்ல. வாசலில் தொங்கும் நட்சத்திரம் கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும். குழந்தை சுரூபம் ஒன்றை மட்டும் பிள்ளையின் கையால் செய்யவிடுங்கள். ஒரு ஞாயிறு மாலையில் 20 நிமிடம், அதற்கு மேல் ஆகாது.

ஆண்டவரின் திருமுழுக்கு விழா வந்ததும் குடிலைப் பிரிப்போம். அதையும் பிள்ளையோடு சேர்ந்தே செய்யுங்கள். அது பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திரும்பி வந்து பிள்ளை தேடும். கேழ்வரகுப் புல்லையும் வைக்கோலையும் மாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வேகவைக்காத களிமண் பொம்மைகள் தண்ணீரில் ஊறினால் கரைந்துவிடும், ஒரு வாளியில் போட்டு வைத்தால் மறுநாள் வெறும் மண். அதை முருங்கைக்கோ செம்பருத்திக்கோ அடியில் பிள்ளையே ஊற்றட்டும். குழந்தை சுரூபத்தை மட்டும் கரைக்கவேண்டாம். அடியில் ஆணியால் ஆண்டையும் பிள்ளையின் பெயரையும் கீறி, பாட்டியின் சேலைத் துண்டிலேயே சுற்றி, பீரோவில் வையுங்கள்.

எங்களிடமும் ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் பிரித்துப் போட்ட அந்த மஞ்சள் தாளை எடுத்து வைத்திருக்கிறோம், விரல் கறையோடு.